புது ரோலர் வந்திருக்கிறது: கிரீனில் தினமும் ஓட்டலாமா?

பிட்ச்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடம் கிரிக்கெட் மைதானத்தில் பிட்ச் தயாரிக்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது ஒன்பது ஹோல் கோல்ஃப் மைதானம் ஒன்றில் கிரீன்களுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளுக்கு, பொறுப்பாக இருக்கிறேன். ரோலர் என்றால் இதுவரை எனக்குத் தெரிந்தது எடை மட்டும்தான். களிமண்ணை நனைத்து, பக்குவமான ஈரம் வரும்வரை காத்திருந்து, கனமான ரோலரைப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றி இறுக்குவோம். இங்கே வந்திருப்பது வேறு ரகம். ஓட்டுபவர் பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்து, இடமும் வலமுமாகப் போய்வருகிற சைட்வைண்டர்.

எங்கள் கிரீன்களில் ஏழு, மணல் அடித்தளத்தில் கட்டியவை. இரண்டு மட்டும் பழைய மண் கிரீன். புல் டிஃப்ஈகிள் பெர்முடா. தினமும் காலையில் 3 மி.மீ. உயரத்துக்குக் கட்டிங். ரோலர் வந்ததிலிருந்து கட்டிங் முடிந்த கையோடு தினமும் ஒரு முறை உருட்டுகிறோம். பந்து அருமையாக ஓடுகிறது. ஸ்டிம்ப் (பந்து உருளும் தூரத்தை வைத்துச் சொல்லும் கிரீன் வேகம்) 10 அடி வேண்டும் என்று கேட்ட கமிட்டி இப்போது 11 கேட்கிறது.

ஆனால் மூன்று விஷயம் உறுத்துகிறது. காலர், அதாவது கிரீனைச் சுற்றியுள்ள ஓரப் பட்டை, மஞ்சளாகி மெலிந்துகொண்டே வருகிறது. மழைக்குப் பிறகு மண் கிரீன் இரண்டிலும் தண்ணீர் முன்பைவிட அதிக நேரம் நிற்கிறது. இன்னொன்று, காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் சில கிரீன்களில் ஒரே இடைவெளியில் லேசான தழும்பு தெரிகிறது. தினமும் உருட்டுவது தப்பா? எத்தனை நாளுக்கு ஒருமுறை உருட்டலாம்? வேலை பார்ப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனிக்கம்பு

தம்பி, முதலில் அந்தக் கனரக ரோலரை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். கிரிக்கெட்டில் மண்ணை இறுக்குவதுதான் வேலை. ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸைத் தவிர மற்ற இன்னிங்ஸுக்கு முன்னால் பேட்டிங் கேப்டன் கேட்டால் ஏழு நிமிடத்துக்கு மேல் உருட்டக் கூடாது என்று விதியே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஏழு நிமிடத்தில் பிட்சின் குணம் மாறும் என்பதால்தானே கேப்டன்கள் அதற்கு அவ்வளவு யோசிக்கிறார்கள். கோல்ஃப் கிரீனில் மண்ணைத் தொடுவது நோக்கமே இல்லை. மேலே இருக்கும் இலையைப் படுக்க வைத்து, சின்ன மேடுபள்ளத்தைச் சமன் செய்து, பந்து குதிக்காமல் போக வழி விடுவது, அவ்வளவுதான். அதற்காகத்தான் எடையை நீளமான உருளையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். கோல்ஃப் ஆடுபவரின் குதிகால் ஒரு சதுர அங்குலத்தில் கொடுக்கும் அழுத்தம் இந்த மெஷின் கொடுப்பதைவிட அதிகம். ஆகவே மெஷின் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது ரோலர் இல்லை. "கட்டிங் முடிந்த கையோடு தினமும்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. 3 மி.மீ.யில் தினமும் வெட்டுவதே புல்லுக்குப் பெரிய சுமை. இலை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அதற்குச் சமையலறை. அதை ஒட்ட வெட்டிவிட்டு, அதன் மேலேயே ரோலரையும் ஏற்றினால் ஒரே நாளில் இரண்டு வேலை வாங்குகிறீர்கள். நான் ரோலரைப் பார்ப்பது வேறு மாதிரி. அது கட்டிங்குக்கு மேல் போடுகிற சாமான் இல்லை. கட்டிங்குக்குப் பதிலாகப் போடுகிற சாமான். ஒரு நாள் வெட்டுங்கள், மறுநாள் வெட்டாமல் உருட்டுங்கள். வேகம் பெரிதாக இறங்காது. புல்லுக்கு ஒரு நாள் மூச்சு கிடைக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாம் நிகோலாய் என்பவர் 1990களிலிருந்து இதே வேலையாக இருந்தார். ஒருமுறை உருட்டினால் கிடைக்கும் வேகத்தில் கொஞ்சம் மறுநாளும் மிஞ்சியிருக்கும், சில சமயம் 48 மணி நேரம் வரைகூட. அப்படி இருக்க ஏன் தினமும்? வட கரோலினாவில் செய்த ஒரு பரிசோதனையில் வாரத்துக்கு நான்கு முறை, ஏழு முறை உருட்டிய இடங்களில் புல்லின் தரம் இறங்கிவிட்டது. மணல் கிரீனில் தினமும் உருட்டியும் தாக்குப்பிடித்த இடங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயெல்லாம் வெட்டும் உயரம், உரம், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியிருப்பார்கள். ரோலரை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் நடக்காது.

மிச்சிகன்காரர்கள் சொன்ன இன்னொன்றை உங்கள் கமிட்டிக்குக் காட்டுங்கள். சராசரி கோல்ஃபருக்கு ஸ்டிம்பில் அரை அடிக்குக் குறைவான வித்தியாசம் தெரியவே தெரியாது. 10 அடிக்கும் 10 அடி 4 அங்குலத்துக்கும் இடையில் நீங்கள் புல்லைக் கொன்று சண்டை போடுகிறீர்கள். ஆடுபவர் அதை உணரவே போவதில்லை. ஒரு கிரீன் 9, அடுத்த கிரீன் 11 என்று இருந்தால்தான் கத்துவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. எனவே ஒன்பது கிரீனும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள், உச்ச எண்ணைத் துரத்தாதீர்கள்.

11 கேட்பவர்களிடம் இன்னொரு கேள்வியும் போடுங்கள்: கப்பை (குழியை) எங்கே வைப்பது? வேகம் ஏற ஏற, சரிவில் கப் வைக்க முடியாது. கப்பை நெருங்கிய பந்து நிற்காமல் கீழே உருண்டுவிடும். பழைய கிரீன்கள் மெதுவான காலத்தில், நல்ல சரிவோடு கட்டப்பட்டவை. அவற்றை 11க்குக் கொண்டுபோனால் கப் வைக்க மிஞ்சுவது நடுவில் ஒரு சின்ன சமதளம்தான். மொத்தக் கூட்டமும் அங்கேயே மிதிக்கும். பிறகு அந்த இடம் வழுக்கையாகும். அதற்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

இனி காலர் மஞ்சள். அது ரோலர் திரும்புகிற இடம். சைட்வைண்டர் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நின்று திசை மாறுகிறது. எல்லா ஓட்டமும் ஒரே காலரில் முடிந்தால் கிரீன் நடுவில் ஒரு தடவை படும் தேய்மானம் ஓரத்தில் பல மடங்காகும். ஓட்டுபவரிடம் சொல்லுங்கள்: இன்று கிழக்கு மேற்கு என்றால் அடுத்த முறை வடக்கு தெற்கு, அதற்கடுத்த முறை கோணலாக. நிற்கும் புள்ளியும் ஒரே வரிசையில் இருக்கக் கூடாது. ஒரு ஓட்டத்தைக் காலருக்கு வெளியே தள்ளி முடியுங்கள், அடுத்ததைக் கொஞ்சம் முன்னாலேயே முடியுங்கள். ஓரத்தில் ஒரு முழத்துக்கு உருட்டாமல் விட்டாலும் குடிமுழுகாது, அங்கே யாரும் கப் வைப்பதில்லை. கைப்பிடியைச் சட்டென்று இழுத்துத் திசை மாற்றுகிற ஆளாக இருந்தால் மெதுவாக மாற்றப் பழக்குங்கள். அந்த ஒரு இழுப்பில்தான் உருளை புல்லைத் திருகுகிறது. டிரெய்லரிலிருந்து இறக்குகிற இடத்தையும் தினமும் மாற்றுங்கள். அங்கே ஒரு வெற்றுத் திட்டு விழுந்தபிறகுதான் பெரும்பாலோர் கவனிப்பார்கள்.

தழும்பு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. மெஷின் ஆள் யாராவது பதில் சொல்லுங்கள்.

களிமண்

பனிக்கம்பு அண்ணன் சொன்னது மணல் கிரீனுக்குப் பொருந்தும். மண் கிரீனுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே ரோலரை இரட்டிப்பு யோசனையோடுதான் எடுக்க வேண்டும்.

பழைய காலத்திலும் கிரீன்களை உருட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சர்வ சாதாரணம். அடிமண் களியாக இருந்ததால் கிரீன் இறுகி, தண்ணீர் இறங்காமல், வேர் மேலேயே நின்றுவிட்டது. பிறகு அந்தப் பழக்கத்தையே பல இடங்களில் கைவிட்டார்கள். மணல் அடித்தளம் பரவி, அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 1960இல் கட்டுமான முறை வெளியிட்டு, மெஷின்களும் எடை குறைந்து, 1990கள் வாக்கில்தான் ரோலர் திரும்ப வந்தது. அதாவது இந்த மெஷின் மணலை நம்பித் திரும்பி வந்த மெஷின். உங்கள் இரண்டு மண் கிரீனுக்கும் அந்தக் கதையில் இடமில்லை.

மண் கிரீனில் காலை வைத்து நன்றாக அழுத்துங்கள். ஷூவைச் சுற்றித் தண்ணீர் பிதுங்கினால் அன்று ரோலர் கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது. மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது மேலே எடை ஏறினால் துகள்கள் வழுக்கி நெருங்கிவிடும், காய்ந்தபிறகும் விலகாது. சாயில் புரோபில் (மண் மாதிரி எடுக்கும் குழாயில்) ஒரு குச்சி மண் எடுத்துப் பாருங்கள். வேர் எவ்வளவு ஆழம் போகிறது, மேல் இரண்டு அங்குலம் தட்டையாக, தகடு தகடாக உடைகிறதா, அழுகல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். எனக்கு இருந்தால் முதலில் அங்கே குழாய் ஏரேஷன் போட்டு (குழாயால் மண்ணைத் துளைத்து எடுத்து), துளையில் மணல் இறக்கி, அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை, காய்ந்த நாளில் மட்டும் உருட்டுவேன். அந்த இரண்டு கிரீனும் அரை அடி மெதுவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பனிக்கம்பு

களிமண் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் மணலை மனதில் வைத்துத்தான் எழுதினேன். ஆனால் "அரை அடி மெதுவாக" என்பதில் மட்டும் கவனம். ஏழு கிரீனையும் இரண்டுக்குத் தகுந்தபடி இழுத்துப் பிடிப்பதுதான் நல்லது. இரண்டை ஏழோடு ஓட வைக்கப் பார்த்தால் இரண்டும் போய்விடும்.

ஹேண்டிகேப்பதினெட்டு

நான் வெறும் ஆட்டக்காரன், வேலை பார்ப்பவன் இல்லை. படித்துக்கொண்டே வந்ததில் ஒரு சந்தேகம். காலையில் சூப்பராக ஓடும் கிரீன் மாலையில் ஏன் இழுக்கிறது? மாலையிலும் ஒரு முறை உருட்டினால் என்ன?

பனிக்கம்பு

புல் வளர்கிறது சார். காலையில் வெட்டிய இலை மாலைக்குள் கொஞ்சம் எழுந்து நிற்கிறது. நாள் முழுக்க மிதித்த தடமும் சேர்ந்துகொள்கிறது. போட்டி நாளில் மாலையில் ஒரு உருட்டு தருவது உண்டு. தினமும் தர ஆள், எண்ணெய், நேரம் எல்லாம் வேண்டும். நீங்கள் பந்து விழுந்த குழியைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாலே எங்களுக்குப் பாதி உருட்டு மிச்சம். குழியின் மேல் ரோலர் போனால் அது சமமாகாது, ஓரம் மட்டும் மழுங்கும்.

கிரீஸ்கன்

மெஷின் ஆள் வந்துவிட்டேன். நான் கொட்டகைக்காரன். புல்லைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது.

பிட்ச்காரன், "ஒரே இடைவெளியில்" என்று சொன்னது ரொம்ப நல்ல தகவல். கண்டபடி விழுந்த தழும்பு என்றால் கிரீனில் தேட வேண்டும். சீராக விழுந்தால் உருளையில் தேட வேண்டும். உருளை ஒரு சுற்று சுற்றும்போது அதில் இருக்கிற குறை ஒருமுறை தரையைத் தொடும். அதனால் ஒரு தழும்பின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை டேப் வைத்து அளந்து, வந்த எண்ணை 3.14ஆல் வகுங்கள். கிடைப்பது குற்றவாளி உருளையின் விட்டம். சைட்வைண்டரில் எல்லா உருளையும் ஒரே அளவாக இருக்காது, ஆகவே எது என்று உடனே தெரிந்துவிடும். நாலைந்து இடைவெளியைச் சேர்த்து அளந்து சராசரி எடுத்தால் இன்னும் துல்லியம்.

காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். ஈரப்புல்லும் மணலும் சேர்ந்து உருளையில் ஒட்டி, காய்ந்து, சின்ன மேடாக நிற்கும். சுரண்டி தகடு தேய்ந்திருந்தால் அது அந்த மேட்டைத் தொடாமலே போகும். இன்னொரு வழக்கமான காரணம், சரளைக்கல் பாதையில் உருளையை இறக்கி ஓட்டுவது. ஒரு கல் போதும், உருளையில் பள்ளம். கிரீனிலிருந்து கிரீனுக்கு டிரெய்லர் சக்கரத்தில்தான் போக வேண்டும். சோம்பேறித்தனமாக "பக்கத்துக் கிரீன்தானே" என்று உருளையிலேயே ஓட்டிப்போகிற ஆள் எல்லா மைதானத்திலும் ஒருவர் இருப்பார்.

இதைவிட முக்கியமானது ஹைட்ராலிக் குழாய். காலையில் மெஷினை எடுக்கும் முன் குழாய் மூட்டுகளில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் அன்று எடுக்காதீர்கள். கிரீன் நடுவில் குழாய் வெடித்தால் சூடான எண்ணெய் கோடு போட்டுக்கொண்டே போகும், அந்தப் புல்லைச் சோப்புத் தண்ணீர் காப்பாற்றாது. வெடித்தது தெரிந்ததும் நிறுத்திப் பார்க்க இறங்காதீர்கள், நேராகக் கிரீனை விட்டு வெளியே ஓட்டிவிடுங்கள். நின்றால் ஒரே இடத்தில் குளமாகும்.

பிட்ச்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை இரண்டு வேலை செய்தேன். மண் கிரீனில் காலை அழுத்திப் பார்த்தேன், தண்ணீர் பிதுங்கியது. ரோலர் இப்போது கொட்டகையில் நிற்கிறது. தழும்பையும் அளந்தேன். சராசரி 63 செ.மீ.

மணல் கிரீன்களுக்கு ஒரு திட்டம் போட்டேன், சரியா என்று பாருங்கள். கட்டிங் உயரத்தை 3.5 மி.மீ.க்கு ஏற்றுகிறேன். திங்கள், புதன், வெள்ளி, சனி கட்டிங். செவ்வாய், வியாழன், ஞாயிறு வெறும் உருட்டு. பெர்முடா வேகமாக வளரும் மாதங்களில் ஒரு நாள் விட்டு வெட்டினால் புல் உப்பிவிடாதா என்பதுதான் பயம். இன்னொன்று, டாப் டிரெஸ்ஸிங்காகப் புல் மேல் மணல் தூவிய நாளில் உருட்டலாமா? வேகம் இறங்கவில்லை என்பதைக் கமிட்டிக்கு எப்படி நிரூபிப்பது?

பனிக்கம்பு

பயம் சரியான பயம். வெயிலும் வெப்பமும் சேர்ந்து பெர்முடா பாய்கிற காலத்தில் ஒரு நாள் விட்டு வெட்டினால் கழிவு அதிகம் விழும், காய்ந்த தண்டும் வேரும் சேர்ந்து மெத்தை ஏறும், பிறகு வெட்டும்போது மோவர் சிரைத்துவிடும். அந்த மாதங்களில் இரண்டில் ஒன்று செய்யுங்கள். டிரினெக்ஸாபேக் மாதிரி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தை முறையாக அடித்துக்கொண்டே இந்தத் திட்டத்தை ஓட்டுங்கள். அல்லது தினமும் வெட்டிவிட்டு உருட்டை வாரம் இரண்டு, மூன்றோடு நிறுத்துங்கள். வானம் மூடி வெளிச்சமே இல்லாத வாரங்களில் நேர் எதிர். அப்போது பெர்முடா தேய்ந்ததை ஈடுகட்டாது. ஆகவே இரண்டையும் குறையுங்கள், கமிட்டி முணுமுணுத்தாலும் பரவாயில்லை. நாட்காட்டியைப் பார்த்து உருட்டாதீர்கள், கூடையில் விழுகிற புல்லைப் பார்த்து உருட்டுங்கள்.

டாப் டிரெஸ்ஸிங் மெல்லியதாகப் போட்டு, காய்ந்த மணலைப் பிரஷ் போட்டு உள்ளே இறக்கி, தண்ணீர் காட்டிய பிறகு உருட்டினால் நன்றாக உட்காரும். மணல் இலை மேல் கிடக்கும்போதே உருட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இலை கிழியும். மறுநாள் மணல் மோவர் பிளேடையும் மழுக்கும், அதற்குக் கிரீஸ்கன் உங்களைத் திட்டுவார். ஏரேஷன் போட்ட பிறகு துளை விளிம்பு தூக்கி நிற்குமே, அதற்கு முதல் கட்டிங்குக்கு முன்னால் ஒரு உருட்டு கட்டாயம் கொடுங்கள்.

நிரூபிப்பது சுலபம், ஸ்டிம்ப்மீட்டரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்கிற அமெச்சூர் ஆட்டக்காரர் 1935இல் யோசித்த கருவி அது. யுஎஸ்ஜிஏ அதைத் திருத்தி 1978இல் மைதானங்களுக்குக் கொடுத்தது. கமிட்டியை அடக்கும் கோலாக அதைச் செய்யவில்லை, ஒரு மைதானத்தின் கிரீன்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான். மூன்று கிரீனில் ஒரு சமதளத்தைத் தேர்ந்தெடுத்து அடையாளம் வையுங்கள். மூன்று பந்து ஒரு திசையில், அதே மூன்று எதிர்த்திசையில், இரண்டின் சராசரி. கோலைக் கையால் ஆட்டாமல் மெதுவாகத் தூக்குங்கள், சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானே கழன்று உருளும். தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலை ஆறு மணி எண்ணையும் மதியம் எண்ணையும் ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. வெட்டிய நாள், உருட்டிய நாள் என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு வந்தால் ஒரு மாதத்தில் உங்களுக்கே புரியும்.

நர்சரி கிரீன் (மாற்றுப் புல் வளர்த்து வைக்கும் கிரீன்) இருக்கிறதா? இருந்தால் ஒரு பட்டையை ரோலர் படாமல் விட்டு வையுங்கள். மிச்சிகன் பரிசோதனைகளில் உருட்டிய இடத்தில் டாலர் ஸ்பாட் நோய் குறைவாக வந்தது. பனியைத் துடைப்பதால்தான் என்று நாங்களெல்லாம் நினைத்தோம். மதியம் உருட்டினாலும் குறைந்ததாம், ஆகவே பனி மட்டுமே காரணம் இல்லை. அவர்களுடையது வேறு புல். உங்கள் பெர்முடாவில் என்ன ஆகிறது என்று அந்தப் பட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கிரீஸ்கன்

63ஐ 3.14ஆல் வகுத்தால் 20 செ.மீ. உங்கள் மெஷினில் 20 செ.மீ. விட்டம் எந்த உருளைக்கு என்று அளந்து பாருங்கள். அதைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கையால் சுற்றிக்கொண்டே உள்ளங்கையால் தடவுங்கள். மேடு தட்டினால் மரக்கட்டையால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். அப்படியே சுரண்டி தகட்டின் இடைவெளியையும் நெருக்கமாக வையுங்கள். பள்ளம் தட்டினால் சுரண்டிப் பயனில்லை, உருளையை மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள், அச்சு தள்ளிப்போயிருந்தாலும் இதே இடைவெளியில்தான் தழும்பு விழும்.

பிட்ச்காரன்

மேடுதான் அண்ணே. உருளையின் ஒரு ஓரத்தில் விரல் நக அளவுக்குக் காய்ந்த மணலும் புல்லும். சுரண்டி தகட்டின் அந்த முனை மட்டும் வளைந்திருக்கிறது. புதுத் தகடு சொல்லியாயிற்று. அது வரும்வரை ஒவ்வொரு கிரீனுக்கும் இடையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஸ்டிம்ப் எண்களை மாதக் கடைசியில் இங்கேயே போடுகிறேன்.